எவர்சில்வர் டப்பாக்கள் மீது ஒரு குற்றச்சாட்டு

மந்தைவெளி, சென்னை – 28
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள நிஷாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், இந்தச் சுகத்தில் என் இடது முழங்காலைச் சேர்க்கவில்லை, அதற்குத் தனி நிர்வாகம். அங்கே நீயும் மாப்பிள்ளை சித்தார்த்தனும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா முண்டகக்கண்ணியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாள், நான் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டேன். கோதண்டபாணி என்ற என் பெயரில் பாதியை வைத்துக்கொண்டு திருப்பித் தராத உங்கள் கோத்தன்பர்க்கில் குளிர் குறைந்ததா? உள்ளடக்கப் பக்கம் இல்லாமல் எனக்கு எதையும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும், வேலை செய்த காலம் முழுவதும் நூலகத்தில் இருந்தவனுக்கு இது ஒரு நோய், ஆகையால் முதலில் அதைப் போட்டுவிடுகிறேன்.

1. இதைத் தாளில் எழுதுவதற்குக் காரணம்.
2. ஒரு வீட்டுச் செய்தி இன்னொரு வீட்டுக்கு எப்படிப் போகிறது, எனக்குப் புரிந்த அளவில். (நீ திருத்தலாம்.)
3. அந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பு அறுந்ததற்குக் காரணம் எவர்சில்வர் டப்பாக்கள்.
4. உன் அம்மா கேட்காமல் கேட்டது, நீ சொல்லாமல் சொன்னது.
5. மாப்பிள்ளை செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம்.

முதலில் தாளும் பேனாவும் ஏன் என்பது. எதிர்வீட்டு முத்துகிருஷ்ணனின் பையன் அஸ்வத் மேல்படிப்புக்கு உங்கள் ஊருக்கே வருகிறான், நாளை விமானம், இன்று சாயங்காலம் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். "அங்கிள், இத போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டா இப்பவே போயிடும், எதுக்கு அங்கிள் என் பெட்டில வெயிட்டு" என்று கேட்டான். சீக்கிரம் போகும் தம்பி, முழுசாகப் போகுமா என்பதுதான் என் கவலை என்றேன், அவன் பார்த்த பார்வையில் எனக்கு இன்னும் கொஞ்சம் வயது கூடிவிட்டது. உன் அம்மா உள்ளேயிருந்து, "லெட்டர் கனமா இருந்தா வச்சிட்டுப் போப்பா, மாவடு பாட்டில் ரெண்டு இருக்கு, அத மட்டும் தூக்கு" என்றாள். ஆகவே இந்தத் தாளில் எங்காவது ஈரக்கறை இருந்தால் அப்பா அழுதிருக்கிறார் என்று நினைத்துவிடாதே, அது மாவடு. உண்மைக் காரணத்தைச் சொல்கிறேன். இரண்டு ஞாயிறு போய்விட்டது, நீ உன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நீ அனுப்புகிற செய்திகளுக்கு அவள் போனில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. "அம்மா கோவமாப்பா, நான் என்ன தப்பா சொன்னேன்" என்று நீ எனக்குத் தினமும் அனுப்புகிறாய், நான் "விசாரித்துச் சொல்கிறேன்" என்று பதில் போடுகிறேன். இது நூலகத்தில் தொலைந்த புத்தகத்தைத் தேடி வருகிறவர்களுக்கு நான் சொல்லிவந்த பதில், அந்தப் புத்தகம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. உனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, தலைப்பிரசவம், நீ இங்கே வர முடியாது என்பது முன்பே தெரிந்த விஷயம், அப்படியானால் உன் அம்மா அங்கே உன் பக்கத்தில் இருப்பாளா மாட்டாளா என்பது இந்த இரண்டு ஞாயிறாக அந்தரத்தில் தொங்குகிறது, விசாவுக்குப் போட வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் போட்டாக வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தைப் பாதியில் உறைந்துபோகிற ஒரு திரையை நம்பி விட எனக்குத் தைரியமில்லை. மற்ற விஷயங்களுக்கும் தைரியமில்லை என்று நீ சொல்வாய், அது வேறு.

இரண்டாவது. ஒரு ஊரின் நெட்வொர்க்கையே கட்டி மேய்க்கிற உனக்கு நான் நெட்வொர்க் பாடம் எடுப்பது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனால் உன் உத்தியோகம் என்ன என்று நீ எத்தனையோ தடவை விளக்கியும் எனக்குப் புரிந்ததில்லை, கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டரில் இருக்கிறாள்" என்றே சொல்லிவந்தேன், ஏதோ நீ அதற்குள் குடியிருப்பது போல. இந்தச் சங்கடம் வந்த பிறகுதான் பறக்கும் ரயில் ஏறித் தரமணிக்குப் போய் என் பழைய நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்துவந்தேன். என் நாற்காலியில் இப்போது இருக்கும் மெஹக் என்ற பெண் "சார், இது உங்களுக்கா, பேரப்பிள்ளைக்கா" என்று கேட்டாள், இன்னும் பிறக்கவில்லை என்றேன், எதற்காக அப்படி அபசகுனமாகச் சொன்னேன் என்று ரயிலில் வரும்போது வருத்தப்பட்டேன். புத்தகத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். நாம் தரமணி குவார்ட்டர்ஸை விட்டு மந்தைவெளிக்கு மாறியது உனக்கு நினைவிருக்கும், வீடு மொத்தத்தையும் ஒரே வண்டியில் ஏற்ற முடியாது என்று எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எண்ணும் புது வீட்டு விலாசமும் நான் எழுதி ஒட்டினேன், நீ சிரித்தாய். சில பெட்டி டெம்போவில் வந்தது, சில பெட்டி மீன்பாடி வண்டியில் வந்தது, சில பெட்டி உன் மடியில் ஆட்டோவில் வந்தது, கடைசியில் கட்டின பெட்டி முதலில் வந்து சேர்ந்தது, ஆனால் எண் இருந்ததால் அடுக்கிவிட்டோம். நீ பேசுகிற பேச்சும் உன் முகமும் இப்படித்தான் துண்டு துண்டாக எண் போட்டுக் கிளம்புகிறதாம். அன்றைக்கு ஒரு பெட்டி வரவில்லை, வரவில்லை என்பது எண்ணால் தெரிந்தது, யாரிடம் திருப்பிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை, ஆகையால் உன் அம்மாவின் இட்லித் தட்டுகள் இன்றுவரை வழியில் இருக்கின்றன. அவள் மறக்கவில்லை.

வழி காட்டுகிற இயந்திரங்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு வியப்பு. முழு வழியும் தெரிந்த ஒன்று எங்கேயாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் இல்லையாம். லஸ் முனையில் நின்று அடையாறுக்கு வழி கேட்டால் என்ன சொல்வார்கள், "நேரா போங்க, அந்த சிக்னலாண்ட போய் கேளுங்க" என்பார்கள், அந்தச் சிக்னலில் இருப்பவர் அடுத்த சிக்னலைக் காட்டுவார், இப்படியே கேட்டுக் கேட்டு உன் முகம் பாதி உலகத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்கிறது. நம் ஊர் ஆட்டோக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. கடலுக்கு அடியில் கம்பி போகிறது, அதற்குள் கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்து செய்தியாகப் போகிறது, நம் சாந்தோம் பக்கம்கூட அப்படி ஒன்று கரையேறுகிறதாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அப்போ என் மூஞ்சி இத்தன நாளா மீனுக்கெல்லாம் தெரிஞ்சிதான் போயிருக்கா, தல சீவிட்டாவது உக்காந்திருப்பேனே" என்றாள்.

இதில் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது, எனக்குச் சரியாகப் புரிந்திருந்தால். கடிதம், படம், பத்திரம் மாதிரி விஷயங்கள் போகும்போது, இரண்டு பக்கமும் முதலில் "பேசலாமா", "பேசலாம், உனக்குச் சரியா", "சரி" என்று முறையாக அழைத்துக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொரு துண்டு சேர்ந்ததற்கும் அந்தப் பக்கம் "வந்தது" என்று பதில் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் இந்தப் பக்கம் திரும்ப அனுப்பும், அதற்கும் வராவிட்டால் இன்னும் ஒருமுறை. எந்த இயந்திரமும் "நான் கேட்டேன், அவள் பதில் சொல்லவில்லை, இனி நான் கேட்கமாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. ஆனால் முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் பெரும்பாலும் இந்த மரியாதை கிடையாதாம். பேச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக, தொலைந்த துண்டைத் திருப்பிக் கேட்காமல் அடுத்ததற்குப் போய்விடுகிறதாம். இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாம் குடும்ப விஷயம் முழுவதையும் இந்த வழியில்தானே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது சொல்ல வேண்டும், ஆனால் நான்காவதைச் சொல்லாமல் மூன்றாவது விளங்காது, ஆகையால் நான்கை முன்னால் வைக்கிறேன். புத்தகத்தை இப்படி அலமாரி மாற்றி வைத்தவர்களை நான் கடிந்துகொண்டிருக்கிறேன், நீ எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் ஒன்று கேட்டேன், அங்கே புடவைத் தொட்டில் கட்ட உத்தரம் இருக்காதே, இங்கிருந்து ஒரு தொட்டில் ஸ்டாண்டு வாங்கி அனுப்பட்டுமா என்று. கேட்ட மாத்திரத்தில் படம் உறைந்துவிட்டது. நீ பாதி தூக்கிய கையோடு நின்றாய், உனக்குப் பின்னால் மாப்பிள்ளை புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, டிக்கெட் இல்லாத பயணியைப் பிடித்த பரிசோதகர் மாதிரி நின்றார். சத்தமும் இல்லை. உன் அம்மாவுக்கு மௌனம் ஆகாது, என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, "ஏண்டி, கொழந்த பொறந்தா அங்க உனக்கு பத்தியம் யாரு பண்ணிப் போடுவா" என்றாள். அவளோடு இத்தனை வருடம் இருக்கிறேன், அது கேள்வி அல்ல என்பது எனக்குத் தெரியும், நான் வரட்டுமா என்பதுதான் அது. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்கு வரட்டுமா என்று ஒரு தாய் தன் வாயால் கேட்கக்கூடாது, அந்த வீட்டு மனிதர் அழைக்க வேண்டும், அதிலும் பிரசவத்துக்கு என்றால் கட்டாயம் அழைக்க வேண்டும், இது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டம். அதை மீற முடியாமல் பத்தியத்தை முன்னால் விட்டாள். படம் அப்படியே நிற்க, உன் குரல் மட்டும் வந்தது, "அதெல்லாம் வேணாம், நாங்களே பாத்துக்கறோம்." மாப்பிள்ளையின் புருவம் இறங்கவில்லை. உன் அம்மா "பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் இணைப்பே போய்விட்டது.

என் எண்ணம் இது, தவறாகவும் இருக்கலாம். நீ சொன்ன "வேணாம்" என் தொட்டில் ஸ்டாண்டுக்கு. வழியில் எங்கேயோ தாமதமாகி, உன் அம்மாவின் கேள்விக்குப் பின்னால் வந்து சேர்ந்து, அவள் மடியில் விழுந்துவிட்டது. பத்தியம் பற்றி அவள் கேட்டது உன்னிடம் வந்து சேர்ந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். இதைத்தான் நீ உறுதிப்படுத்த வேண்டும். அவளிடம் நான் இதைச் சொல்லிப் பார்த்தேன். "பொண்ணு சொன்னதுகூட போகட்டும், மாப்ள மூஞ்சியப் பாத்தீங்களா" என்றாள். அது முகம் அல்ல தேவானை, படம் சிக்கிக்கொண்டது என்றேன். "நல்ல மூஞ்சியா இருந்தா சிக்கும்போதும் நல்லாத்தான் சிக்கும்" என்றாள். புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

இனி மூன்றாவது, இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை. படம் உறைவதும் இணைப்பு அறுவதும் ஏன் என்று நான் முறைப்படி ஆராய்ந்தேன். முதலில் இணைப்புக் கொடுக்கும் வாஜித்தைக் கூப்பிட்டேன். அவர் வந்து, சமையலறைக்கு வெளியே ஃபிரிட்ஜின் மேல் இருக்கும் ரவுட்டரைப் பார்த்து, "இன்னா சார் இது, பாத்திரக்கட நடுவுல ரவுட்டர வச்சிக்கினு நெட்டு வரல நெட்டு வரலன்றீங்க" என்றார். மறுநாள் கூப்பிட்டபோதும் வந்து, அதையே மறந்துவிட்டு "சர்வர் டவுனு சார்" என்றார். உன் அம்மா உள்ளேயிருந்து, "போன மாசமும் அந்த சர்வர்தான டவுனு, பாவம், அதுக்கு வீட்ல இன்னா பிரச்சனையோ" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பித்தானை அழுத்திவிட்டு, "இப்ப பாருங்க, சும்மா பறக்கும்" என்று சொல்லிப் போனார், அது பறக்கவில்லை. ஆனால் பாத்திரக்கடை என்ற சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. உலோகம் கம்பியில்லா அலையை மறித்துத் திருப்பிவிடும் என்று புத்தகமும் சொல்கிறது. உன் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில நாள் முன்புதான் கீழ்வீட்டு ஷாகிராவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தி. நகர் போய், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாக்கள் ஒரு கூட்டமே வாங்கிவந்து ரவுட்டரைச் சுற்றி அடுக்கியிருந்தாள். ஷாகிரா வீட்டு அடிகனமான பெரிய செம்புச் சட்டியும் இரவலாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இருவர் இருக்கும் வீட்டில் இவ்வளவு எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ரவுட்டரின் இரண்டு கொம்பில் ஒன்றில் டீ வடிகட்டி மாட்டியிருந்தது, அங்கே மாட்டினால் சீக்கிரம் காய்கிறதாம்.

நான் போனைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுவதும் நடந்து எங்கே எத்தனை வைஃபை கோடு தெரிகிறது என்று பார்த்தேன். கூடத்தில் ஒரு கோடு, படுக்கையறையில் அதுவும் இல்லை, குளியலறையில் மட்டும் நிறைய, ஆனால் அது ஷாகிரா வீட்டுடையது. அதன் பிறகு ஒருநாள் மத்தியானம் எல்லா டப்பாக்களையும் நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்தேன், முழங்கால் எதிர்த்தது, கேட்கவில்லை. வடிகட்டியை ஆணியில் மாட்டினேன். உடனே முத்துகிருஷ்ணனுக்கு வீடியோ போட்டு, தெருவின் அந்தப் பக்கம் அவர் வீட்டு ஜன்னலில் நின்று கையாட்டச் சொன்னேன். அவர் ஆட்டியது ஜன்னலிலும் தெரிந்தது, திரையிலும் தெரிந்தது, ஜன்னலில் ஒரு கணம் முன்னால். அந்தத் தெருவின் அகலத்தைக் கடக்க அவர் கை எந்தெந்த ஊரைச் சுற்றி வந்ததோ. எப்படியும் படம் உறையவில்லை. எனக்கு வெற்றி என்று நினைத்தேன், உன் அம்மா மட்டும் பரணைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. டப்பாவுக்கா இவ்வளவு கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆராய்ச்சி என்றால் பொருந்தாததையும் சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன், அன்றைக்கு இணைப்பு அறுந்ததும் நான் உள்ளே போய்ப் பார்த்தபோது ரவுட்டரில் ஒரு விளக்கும் இல்லை, உன் அம்மா "கரண்ட்டு போயிட்டு வந்துச்சு" என்றாள், ஆனால் மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அடுப்பில் பாலும் இல்லை. இவை இரண்டும் டப்பாக்களோடு சம்பந்தப்பட்டவை அல்ல என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது, சின்னது. மாப்பிள்ளை போனை எடுத்து, உன் வழியாக இல்லாமல், என் வழியாகவும் இல்லாமல், நேராக உன் அம்மாவை அழைத்து, "அத்தை, நீங்க வந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீடியோ வேண்டாம், வெறும் குரல் போதும், அவர் புருவத்தை நாம் இனி நம்ப முடியாது. அவள் முதலில் "எதுக்கு மாப்ள உங்களுக்கு சிரமம், இங்க இவருக்கு யாரு சமைப்பா" என்பாள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி அழைக்க வேண்டும். அதற்கும் ஏதாவது சொல்வாள், இன்னும் ஒரு முறை. மூன்றாம் முறை சரி என்பாள், இயந்திரங்களும் ஏறக்குறைய இப்படித்தான் என்று சொன்னேனே. அவர் நல்ல பிள்ளை, கூச்சக்காரர், கூச்சம் எப்படிப்பட்டது என்பதை நான் அறிவேன். எனக்குச் சமைப்பவர் யார் என்ற கவலை வேண்டாம், ரசம் எனக்கு வரும், சாதம் பெரும்பாலும் வரும், ஷாகிரா வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை பிரியாணி வருவதை யாராலும் தடுக்க முடியாது. சத்தியமாகச் சொன்னால் அவள் இல்லாமல் இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது, உலகத்திலேயே அட்டவணை இல்லாத நூலகம் உன் அம்மாவின் சமையலறைதான், ஆனாலும் அவள் இருக்க வேண்டிய இடம் இப்போது அது இல்லை.

உனக்குச் சொல்ல வேண்டியவை. இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே. பனியில் நடக்கும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள், கோபத்தில் இருந்தாலும் பிடித்துக்கொண்டே கோபப்படு. இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று உன் அம்மா பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள், உனக்கு எழுதச் சொல்லவில்லை, நான் காற்றிலிருந்து எடுத்து எழுதுகிறேன். நெட்வொர்க் பற்றி நான் எழுதியதில் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு, அந்தப் புத்தகத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. சுகமாகப் பெற்றெடுத்து, தாயும் சேயும் ஒளியாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உங்களோடு. மாப்பிள்ளையிடம் அந்த அழைப்பை நினைவுபடுத்து, மறக்காதே.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
கோதண்டபாணி

பின்குறிப்பு. கையெழுத்துப் போட்டு மடிக்கும் நேரத்தில் உன் அம்மா காபியோடு வந்து, "காலைலேர்ந்து அப்படி இன்னாதான் எழுதுறீங்க, ராமாயணமா" என்றாள். டப்பாக்களைப் பற்றி என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது, படித்தேன். மீன் வந்த இடத்தில் சிரித்தாள், மாப்பிள்ளையின் புருவம் வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன்னுடைய "வேணாம்" என் தொட்டில் ஸ்டாண்டுக்குத்தான் என்று நான் எழுதியிருந்ததை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், படித்தேன். மூன்றாவது குறிப்பில் நான் ஸ்டூலில் ஏறிய இடத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது, மின்விசிறி வந்த இடத்தில் "போதும், நிறுத்துங்க" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள், "நெட்டும் போகல, கரண்ட்டும் போகல. நான்தான் போய் அந்த ஒயரப் புடுங்கினேன். எனக்கு அழுக வந்துடிச்சி. மாசமா இருக்கற பொண்ணு எதுர்ல அழலாமா? மறுபடி கூப்பிட்டா அவ பாத்துடப் போறான்னு புடுங்கிட்டேன். அப்புறம் நானே சொருகிட்டேன், உங்களுக்கு நியூஸ் பாக்கணுமே."

நான் காபியை எடுத்துக் குடித்தேன், அது அவளுடைய டம்ளர். அவள் மேலும் சொன்னாள், "டப்பாவெல்லாம் எதுக்கு வாங்கினேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? பிரசவ லேகியம், பத்தியப் பொடி, வசம்பு, எல்லாம் கசியாம எடுத்துனு போறதுக்குத்தான். லேகியம் கிண்டத்தான் ஷாகிரா வீட்டு சட்டி. நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் தூக்கி பரண்ல போட்டுட்டு புக்கு படிக்கிறீங்க." அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நீ போவதாக இருந்தாயா என்று கேட்டேன். "மாப்ள கூப்பிட்டா மரியாதையா போவேன். கூப்பிடலன்னாலும் போவேன், அத மட்டும் எழுதித் தொலைக்காதீங்க" என்றாள். எழுதிவிட்டேன். ஐந்தாவது குறிப்பு அப்படியே இருக்கட்டும், மாப்பிள்ளை கூப்பிடட்டும், இந்தக் கடைசி வரிகளை அவருக்குக் காட்டாதே.

அஸ்வத் மணி அடிக்கிறான், திருத்தி எழுத நேரமில்லை. மூன்றாவது குறிப்பு தவறு. ஒரு குற்றமும் செய்யாத அந்த டப்பாக்களை இறக்குவதற்கு ஸ்டூல் போட்டாயிற்று, உன் அம்மா பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் ஏற வேண்டும்.